பெட்டிக்குக் குளிருமா?

தொண்ணூறுகளின் தொடக்கம், டிசம்பர் மாதம். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம், நாகலூர் அருகே ஒரு காபி எஸ்டேட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் வேலை செய்கிற இடத்தைக் கம்பெனி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு ஏ.சி. அறையும் அதற்குள் ஒரு கம்ப்யூட்டரும் இருந்ததால் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும்.

சர்க்யூட் போர்டு வரைவது என் வேலை. டி.வி. பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகையும், அதில் குட்டிக் குட்டிப் பாகங்களும் இருக்குமே, அதுதான். எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எந்தக் கால் எந்தத் துளையில் இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. சாப்ட்வேர் வந்த பிளாப்பிகளிலேயே லைப்ரரி என்று ஒன்று இருக்கும். உலகத்தில் உள்ள பாகங்களின் படமெல்லாம் அதில் தயாராக இருக்கும், எடுத்து வைத்தால் போதும். ஆனால் அந்தப் படம் நம் கடையில் கிடைக்கிற நிஜப் பாகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் போர்டு அடித்து வந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு தெரிந்து என்ன பயன்?

ஒருமுறை அப்படி ஒரு கட்டு போர்டு அப்படியே குப்பைக்குப் போனது. அன்றைக்கு நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். லைப்ரரியிலிருந்து எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதன் படத்தை நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து, தெர்மோகோலில் ஒட்டி, வாங்கிவந்த பாகத்தின் கால்களை அதில் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு மீட்டரை வைத்து எந்தக் கால் எது என்று அளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நீள நோட்டில் பாகத்தின் பேரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பாகம் என் போர்டில் ஏறாது. சாமான் வாங்கி வருகிறவர் முதல் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கிறவர் வரை எல்லோரையும் இதற்காகப் படுத்தி எடுத்தேன். எனக்கு 'செக்போஸ்ட்' என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த வருடம் நாங்கள் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு தானியங்கிப் பெட்டி செய்தோம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பெட்டிக்குள் ரிலே என்கிற குட்டி சுவிட்ச் 'டிக்' என்று பிடிக்கும், மோட்டார் ஓடும். தொட்டி நிறைந்தால் விட்டுவிடும், மோட்டார் நிற்கும். ஆத்தூர்ப் பக்கம் இரண்டு தோட்டங்களில் அது நன்றாக ஓடியது. மூன்றாவது பெட்டி நாகலூர் எஸ்டேட்டுக்குப் போனது. அங்கே பள்ளத்தில் ஓடும் ஓடையிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். வேலையோடு சேர்த்து எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கும் ஆட்களுக்கும் அந்தத் தண்ணீர்தான், பறித்த காபிப் பழத்தைத் தோல் உரிக்கும் மெஷினுக்கும் அந்தத் தண்ணீர்தான். பழத்தைக் காக்க வைத்தால் புளித்துவிடும். அதுவரைக்கும் ஒருவர் தினமும் விடிவதற்கு முன்பே பள்ளத்தில் இறங்கி மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி வந்த பிறகு அவர் விடியற்காலையில் எழ வேண்டாம், பகலில் மெஷின் வேலையைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கைவைக்கக் கூடாது என்று பெட்டியைப் பூட்டி நாங்களே சீல் வைத்துவிட்டு வந்தோம்.

நவம்பர் கடைசியில் எஸ்டேட் ரைட்டரிடமிருந்து போன் வந்தது. எஸ்டேட்டில் கணக்கு, கடிதம், ஆள் வரவு எல்லாம் பார்ப்பவர் அவர். பல நாள் காலையில் மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி, பெண்கள் குடத்தோடு சண்டைக்கு வருகிறார்கள் என்றார். மறுநாள் பஸ் ஏறினேன். மலையேறி, ஏற்காட்டில் பஸ் மாறி, பள்ளத்தில் இறங்கும்போது மணி பத்தரை. நல்ல வெயில். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்லும் கம்பியைக் கழற்றி மாட்டி ஐந்து தடவை சோதித்தேன். ஐந்து தடவையும் ரிலே பிடித்தது, மோட்டார் ஓடியது.

மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள்.

"ஏனுங்கம்மா, காலைல அஞ்சு மணிக்கு வந்து பாருங்க. பனில பெட்டிக்குக் குளுருது. ஓட மாட்டேங்குதுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டிக்குக் குளிருமாண்ணா? ஒரு கம்பளி போர்த்தி விடுங்களேன்" என்றேன். ரைட்டர் சிரித்தார். சுற்றி நின்ற நாலைந்து ஆட்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அஞ்சு மணிக்கு ஒருக்கா வந்து பாருங்க என்று மறுபடி சொன்னார். சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் ஒன்பது மணி ஆகிவிடும் என்று நான் பதில் சொன்னேன். பிரச்சினையே முடிந்துவிட்ட மாதிரி.

மேலே வரும்போது ரைட்டர் என் காதில் போட்டுவைத்தார். பெட்டி வந்ததில் அந்த ஆளுக்கு மனத்தாங்கல், தன் வேலைக்கு உலை வைத்துவிடும் என்று பயம். ஒருநாள் ஏழு மணிக்கு ரைட்டரே போய்ப் பார்த்தபோது மோட்டார் ஓடாமல் இருந்ததாம், இவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். எனக்கு அது போதுமாக இருந்தது. மெஷின் வந்தால் ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேனே! சேலம் வந்ததும் கம்பெனித் தாளில் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கடிதம் அனுப்பினேன். கருவியில் எந்தப் பழுதும் இல்லை, மெயின் சுவிட்சை யாரோ வேண்டுமென்றே அணைத்து வைப்பதாகத் தெரிகிறது என்று எழுதினேன். முதலாளி ஊரில் இல்லை. நானே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வேலை வந்தது, அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து, என் கடிதத்தை நம்பி அதே எஸ்டேட்டில் இன்னொரு தொட்டிக்கும் பெட்டி வேண்டும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும். புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. நாகலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால், எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, பஸ் வரவில்லை. மளிகைக் கடை பாய் வெளியே வந்து, வழியில் மரம் விழுந்துவிட்டது, இனி நாளைக்குத்தான் வண்டி என்றார். எஸ்டேட் மானேஜரும் ஊரில் இல்லை, பங்களா பூட்டியிருந்தது. எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல பாய் வாயெடுப்பதற்குள், மண்ணெண்ணெய் வாங்க வந்திருந்த ஒரு அக்கா என் பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்கு வாங்க கண்ணு. பக்கந்தான்" என்றார்.

பாயின் கடையிலிருந்தே சேலத்தில் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தேன். லைன் வீடுகளில் கடைசி வீடு. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே போனால், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையைக் காயவைத்துக்கொண்டிருந்தவர் அந்த மோட்டார்காரர்! அவர் எழுந்து, "வாங்கம்மா" என்றார். இரண்டு பெண் குழந்தைகள் என்னை வேடிக்கை பார்த்தன. மூலையில் இரண்டு சாக்கு மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். ஊருக்குப் போகிறீர்களா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார். "பொங்கலுக்குள்ள ஊட்டக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க கண்ணு. கெழமைக்கு ரெண்டு மூட்டையா எங்கம்மா ஊட்டுக்குக் கொண்டுபோறம். கிறிஸ்துமஸ் மட்டும் இங்க முடிச்சுக்கலாம்னு பாக்கறம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. தோசையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் எழுதியது நான்தான் என்று இவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது, தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம் வேறு. மோட்டார்காரர் தன் தம்பி வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார். அக்கா இருந்ததிலேயே நல்ல கம்பளியை எனக்குக் கொடுத்தார். கம்பளி என்றதும் நான் அன்று அடித்த கிண்டல் ஞாபகம் வந்தது. நல்லவேளை, இருட்டில் என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் பெட்டியில் தப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஆள் ஏன் இப்படி முட்டாள்தனம் செய்து குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நினைத்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

விடியற்காலையில் கதவைத் தட்டினார். "ஏனுங்கம்மா, இப்ப வர்றீங்களா" என்றார். மணி ஐந்தே கால்.

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். அவர் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போனார். பல் கிட்டித்துப்போகிற குளிர். மோட்டார் அறைச் சுவரெல்லாம் ஈரம். சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. தண்ணீர் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது, 'தொட்டி காலி, மோட்டாரை ஓட்டு' என்று பெட்டி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரிலே பிடிக்கவில்லை. அவர் எதையும் அணைக்கவில்லை. அணைத்திருந்தால் அந்த விளக்கே எரிந்திருக்காது.

ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ரிலேயைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விரல் மரத்துப்போய் ஸ்க்ரூடிரைவர் கையில் நிற்கவில்லை. அவர் கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்கிலிருந்து கடுங்காபி ஊற்றிக் கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். விரலுக்கு உயிர் வந்த பிறகு, ஒவ்வொரு பாகமாகத் தொட்டு அசைத்துப் பார்த்தேன். ரிலேயை இயக்குகிற டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும், மூன்று கால் வைத்த சின்னப் பொருள். அதை இரண்டு விரலால் பிடித்தேன். பிடித்துக்கொண்டே அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது 'டிக்' என்றது. மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மெயினை அணைத்துவிட்டு, அது மறுபடி குளிரட்டும் என்று காத்திருந்தேன். போட்டேன், பிடிக்கவில்லை. விரலால் பிடித்தேன், 'டிக்'. மறுபடி அணைத்தேன், மறுபடியும் அதே கதைதான். மூன்றாவது தடவை அவர் டார்ச்சை என் முகத்தில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குக் குளிரத்தான் செய்தது.

அங்கே ஒரு பிளக் இருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டர் வைத்துக் காலை அளந்தேன். நடுக்கால் சரி. ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. லைப்ரரியில் இருந்த படம் உலோகத் தொப்பி போட்ட பழைய வகையின் படம். கடையில் கிடைத்தது அதே நம்பரில் பிளாஸ்டிக் வகை. அதில் ஓரக் கால்களின் வரிசை தலைகீழ். தலைகீழாக மாட்டினால் டிரான்சிஸ்டர் அடியோடு வேலை செய்யாமல் போகாது. அரைகுறையாக வேலை செய்யும். சேலத்து வெயிலில் அந்த அரைகுறையே ரிலேயைப் பிடிக்கப் போதும். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் அது இன்னும் கொஞ்சம் குறையும், ரிலே பிடிக்காது. எட்டரை மணிக்கு வெயில் பள்ளத்துக்குள் இறங்கினால் தானாகப் பிடித்துவிடும். ஒருமுறை பிடித்தால் தொட்டி நிறையும்வரை விடாது. பத்தரை மணிக்கு வந்த எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும். எப்படி என்றால், நீள நோட்டில் அந்த டிரான்சிஸ்டர் பேருக்கு எதிரே கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்து. மற்றவர்களையெல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் தெர்மோகோலில் குத்திப் பார்க்கச் சொன்ன நான், இதை மட்டும் குத்தவும் இல்லை, அளக்கவும் இல்லை. பாலிடெக்னிக் லேபில் மூன்று வருடம் புழங்கிய பாகம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கால் வரிசையைச் சொல்வேன் என்ற திமிர். ஊருக்குத்தான் உபதேசம்! தெரியாத பாகமாக இருந்திருந்தால் கட்டாயம் அளந்திருப்பேன்.

டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்துப் பற்றவைத்தேன். அந்தக் குளிரிலும் மெயினைப் போட்ட உடனே ரிலே பிடித்தது. பத்து நிமிட வேலை.

பெட்டியை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணா, அந்த லெட்டர் எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க. உங்க கையெழுத்துன்னு ரைட்டர் சொன்னாருங்களே" என்றார் அவர்.

தெரிந்தும் எப்படி வீட்டில் தங்க வைத்தீர்கள் என்று கேட்டேன். பஸ் இல்லாமல் நிற்கிற பெண்ணை ரோட்டிலா விடுவது என்றார். பிறகு, லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "அதுவுமில்லாம, காலைல அஞ்சு மணிக்கு உங்களப் பெட்டிகிட்டக் கூட்டியார எனக்கு வேற வழி ஏதுங்க?"

மேலே ஏறி வரும்போது என் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. 'குளிரில் ஒரு இணைப்பு லூசாகிவிட்டது, சரிசெய்துவிட்டேன்' என்று சொன்னால் போதுமே? பெரிய பொய்யும் இல்லை, கம்பெனிப் பேரும் கெடாது, இவருக்கும் வீடு நிலைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மானேஜரிடம் அப்படிச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடமும் ஜாடையாகச் சொன்னேன்.

அவர் நின்றார். "அப்படிச் சொன்னா ஊடு கெடைக்குமுங்க. ஆனா அன்னிக்குப் பழம் எட போடற எடத்துல எல்லாரு முன்னாலயும் வெச்சு ரைட்டர் உங்க லெட்டரத் தமிழ்ல படிச்சாருங்க. எம்பொண்ணுங்களும் அங்க நின்னுட்டு இருந்துச்சுங்க. நான் வேணும்னே தண்ணிய நிறுத்துனேன்னு எல்லாரும் கேட்டாங்க. இணைப்பு லூசுன்னா அது மாறுமாங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. கடையில் விலை கேட்பது போலத்தான் கேட்டார்.

ஒன்பது மணிக்கு மானேஜர், மரம் விழுந்த இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு நடந்து வந்தார். ரைட்டரிடம் கோடு போட்ட தாள் ஒன்று வாங்கி, இந்த முறை தமிழில் எழுதினேன். மோட்டார் ஓடாததற்குக் காரணம் எங்கள் போர்டில் உள்ள தவறு, ஒரு பாகத்தைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட்டேன், மோட்டார் பார்ப்பவர் எதையும் அணைக்கவில்லை, அவர் சொன்னதுதான் சரி, என் பழைய கடிதம் தவறு. நாலே வரிதான்.

மானேஜர் இரண்டு தடவை படித்தார். உங்கள் முதலாளியைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதினீர்களா என்றார். இல்லை என்றேன். தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, அந்த ஆள் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். ரைட்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளம்பினார். இதை எடை போடும் இடத்தில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்று மானேஜரிடம் கேட்டேன். அதெல்லாம் எதற்கு, கடிதம் கொடுத்தாயிற்றே, போதும் என்றார். அன்றைக்கு அங்கேதானே சார் படித்தார்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்.

மரத்தை வெட்டி எடுத்து மதியம் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் காட்டிலிருந்து பெண்கள் காபிப் பழ மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொன்றாகத் தராசில் ஏறியது. ரைட்டர் தாளைக் கையில் வாங்கிப் படிக்க வந்தார். நான் படிக்கிறேன் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நூறு பேர் இருப்பார்கள். மூட்டைமேல் உட்கார்ந்தும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார்கள். மோட்டார்காரர் கடைசியில், மெஷின் ஷெட் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா இரண்டு குழந்தைகளையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வேண்டுமென்றேதான் நிறுத்தியிருப்பார்.

படித்தேன். முதல் வரியில் குரல் எழும்பவில்லை. கேக்கல சாமி, சத்தமாப் படிங்க என்று யாரோ சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். படித்து முடித்துத் தாளை மடித்தேன். எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த வயசான அம்மா ஒருவர், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்பப் பெட்டிக்கு நெசமாலுமே குளுந்துச்சுங்களா கண்ணு?"

"ஆமாங்கம்மா. நொம்பக் குளிர்ந்துச்சு" என்றேன். அவர்கள் பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. தூணில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தேன். இந்த முறை அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண் ஓடிப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஐந்து மணி பஸ்ஸுக்கு என் பையைத் தூக்கி வந்து ஏற்றிவிட்டுவிட்டு, பெட்டிக்கு மறுபடி சீல் வைக்கவில்லையே என்று ஞாபகப்படுத்தினார். இனிமேல் சீல் வேண்டாம், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சேலம் வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்த நீள நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் நிஜமாகவே அளந்து பார்த்துப் போட்ட கையெழுத்து எது, பார்க்காமல் போட்டது எது என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாக் கையெழுத்தும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும், புதிதாக மாட்டிய பெட்டியையும் நானே போய்த் திருத்திவிட்டு வந்தேன். பொங்கல் வரைக்கும் லைப்ரரியில் நாங்கள் எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் முதலிலிருந்து குத்தி, அளந்து பார்த்தேன். இன்னும் இரண்டு தப்புகள் அகப்பட்டன. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த பாகங்கள்.

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. லைப்ரரி வைத்து வரைகிற வேலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நானும் வேறு வேலைகளுக்கு வந்துவிட்டேன். இப்போதும் யாரைப் பற்றியாவது, 'இவர்கள் எல்லாம் இப்படித்தான், எனக்குத் தெரியாதா' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகும்போது விரல் நுனி சில்லென்று ஆகிவிடுகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருதரம் நேரில் போய்ப் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.